ஊர் பெயர்ந்த மல்லர்கள்

மைசூர்த் தசராவைப் பற்றிக் கேள்விப்படாத தென்னாட்டார் இலர். விளக்கொளியில் மிதக்கும் அரண்மனை, யானைமீது பொன் அம்பாரி, தீவட்டி அணிவகுப்பு ஆகியவற்றைக் காண ஆண்டுதோறும் மக்கள் வெள்ளமாய்த் திரளுகின்றனர். ஆனால், அதே விஜயதசமி நாளில், ஊர்வலம் புறப்படுவதற்குச் சில நாழிகைகள் முன்னதாக அரண்மனையின் உள்முற்றம் ஒன்றில் நடைபெறும் சடங்கைக் கண்டவர் மிகச் சிலரே. தலை மழித்து, கச்சை ஒன்றே உடுத்த மல்லர்கள் இருவர் இருவராக மண்பரப்பில் இறங்குகின்றனர். ஒவ்வொருவர் வலக்கையிலும் முட்டிக்கு மேலே கூர்முனைகள் நீண்ட ஒரு கருவி. வணக்கம் முடிந்ததும் மோதுகின்றனர். எதிரியின் தலையில் முதல் குருதித் துளி தென்பட்ட மாத்திரத்தில் நடுவர் குறுக்கிட்டுப் பிரித்துவிடுகின்றனர். கண் இமைக்கும் பொழுதில் முடிந்துவிடும் இப்போருக்கு வஜ்ரமுஷ்டி காளக என்று கன்னடத்தில் பெயர். காளக என்பது போர்.

நேயர்களே, இந்த மல்லர்கள் மைசூர் மண்ணின் பூர்வ குடிகள் அல்லர். இவர்களுடைய முன்னோர் வடமேற்கே கூர்ஜர நாட்டிலிருந்து, மற்போர் ஒன்றையே தொழிலாகக் கொண்டு, அரசவை அரசவையாக இடம் பெயர்ந்து தெற்கே வந்தவர்கள் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். உத்தியோகத்தின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் சொந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறியிருக்கும் நமக்கு இவர்களுடைய சரித்திரம் அந்நியமாகத் தோன்றாது. தஞ்சைக்கும் திருச்சிக்கும் கூட இதில் பங்குண்டு.

முதலில் இவர்களுடைய பெயர். கன்னட நாட்டில் இவர்களை ஜெட்டிகள் என்று அழைக்கின்றனர். இச்சொல்லைக் கேட்ட அளவில் நம் வீட்டுச் சிறுவர்கள் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும், அந்த உள்ளுடைக்கும் இந்த வீரர்களுக்கும் உறவு ஏதும் இல்லை. செட்டிமார்களோடு சேர்த்துக் குழப்புவோரும் உண்டு, அதுவும் பொருந்தாது. மூத்தவன், மேலானவன் எனப் பொருள்படும் ஜ்யேஷ்ட என்ற வடசொல்லே ஜெட்டி எனத் திரிந்தது. குஜராத்தில் இவர்கள் ஜ்யேஷ்டிமல்லர் எனப்பட்டனர். பெயரைப் பற்றிப் பேசும்போதே இன்னொன்றையும் கூறிவிடுகிறோம். மைசூரில் மற்பயிற்சி நடைபெறும் இடத்திற்குக் கரடிமனை என்று பெயர். புதிதாக வந்த தமிழர் சிலர் கரடி வளர்க்கும் வீடு என்று எண்ணி அப்பக்கம் செல்லத் தயங்குவதுண்டு. நம் மொழியிலேயே கரடிக்கூடம் என்ற சொல் சிலம்பக்கூடத்துக்கு வழங்கி வந்திருக்கிறது. நாம் மறந்துவிட்டோம், அவ்வளவே.

குஜராத்தில் மோதேரா என்றோர் ஊர் உண்டு. பதினோராம் நூற்றாண்டில் சோலங்கி மன்னன் முதலாம் பீமன் காலத்தில் எழுந்த சூரியன் கோயிலால் புகழ்பெற்றது. அதுவே தங்கள் தாயகம் என்பது ஜ்யேஷ்டிமல்லர்களின் மரபு. அவர்களுக்கென்றே மல்லபுராணம் என்ற வடமொழி நூல் ஒன்று உள்ளது. கண்ணபிரான் தாமே மற்போர்க் கலையை மோதேராவின் அந்தணன் ஒருவனுக்குக் கற்பித்தருளினார் என்று அந்நூல் கூறுகிறது. குலதெய்வமாக லிம்பஜா என்ற தேவியையும் அது போற்றுகிறது. லிம்பம் அல்லது நிம்பம் என்பது வேம்பு. வேம்பிலிருந்து தோன்றிய அம்மை அவள். வேப்பிலையோடு மாரியம்மனை வணங்கும் நமக்கு அவளை அறிமுகம் செய்து வைக்க வேண்டுவதில்லை.

புராணம் என்று பெயர் இருப்பினும், அந்நூலின் பெரும்பகுதி தொழில்நூல். எந்தப் பருவத்தில் எந்த உணவு, எத்தகைய உடலுக்கு எத்தகைய பயிற்சி, பிடிகள் எத்தனை, அவற்றின் பெயர்கள் யாவை என்றெல்லாம் விரிவாகச் சொல்கிறது. 1964ஆம் ஆண்டில் பரோடாக் கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையம் இதனைப் பதிப்பித்தது. ஒரு குலத்தார் தம் கைத்தொழிலை ஏட்டில் எழுதி வைத்ததனால், அவர்கள் எங்குச் சென்றனர் என்பதைப் பின்னாளில் வந்தோர் தேடிப் பிடிக்க முடிந்தது.

கன்னட நாட்டிலும் இத்தொழில் முன்பே வேரூன்றியிருந்தது. கலியாணியிலிருந்து ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இயற்றிய மானசோல்லாசம் என்னும் நூலில் மல்லவினோதம் என்றொரு பகுதி இருக்கிறது. மல்லர்களைத் தரம் பிரித்து, அவர்களில் முதல் தரத்தாரை ஜ்யேஷ்டிகர் என்று அந்நூல் குறிப்பிடுகிறது. அவர்களுக்கு இறைச்சி, பருப்பு, பால், தயிர், நெய் ஆகியவற்றை அரசனே அளிக்க வேண்டும் என்கிறது. உண்பது அரசனுடைய சோறு. ஆடுவது அரசனுடைய களம். மல்லனுடைய வாழ்வு முழுவதும் அந்த ஒரு கையைச் சார்ந்தே இருந்தது. அக்கை மூடிக்கொண்டால் அவன் வேறு கையைத் தேடிச் செல்ல வேண்டியதுதான்.

தமிழ்நாட்டில் மற்போர் இல்லையோ என்று கேட்பவர்களுக்கு மாமல்லபுரத்தின் பெயரே விடை. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ வேந்தன் முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் என்று பட்டம் சூட்டிக்கொண்டான். அதனினும் பழைமையான சான்று புறநானூற்றில் இருக்கிறது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்பவன் ஆமூர் மல்லனோடு பொருது வென்றதைச் சாத்தந்தையார் பாடினார். அவன் உறையூர்த் தித்தனுடைய மகன். தந்தையோடு மனம் வேறுபட்டு வேற்றூரில் வாழ்ந்தவன் என்பர். அவன்மீது காதல் கொண்ட நக்கண்ணையாரும் அவனைப் பாடியிருக்கிறார். அப்பாட்டொன்றில், அது அவனுடைய ஊரும் அன்று, நாடும் அன்று என்பதனால் களத்தைச் சூழ்ந்த மக்கள் இரு பிரிவாகி, வெற்றி அவனுக்கே என்று சிலரும், இல்லை என்று சிலரும் பேசியதாக வருகிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, வந்தேறியின் வெற்றியை ஊரார் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை என்பதை ஒரு பெண்பாற் புலவர் கண்டு எழுதியிருக்கிறார். டில்லியிலும் பம்பாயிலும் நம்மவர் அறியாத அனுபவமா இது?

ஜெட்டிகளின் சரித்திரத்திற்குத் திரும்புவோம். விஜயநகரப் பேரரசின் மகாநவமி விழாவை நேரில் கண்ட போர்த்துகேசியர் இருவர் குறிப்புகள் எழுதி வைத்திருக்கின்றனர். கிருஷ்ணதேவராயர் காலத்தில் வந்த தொமிங்கோ பாயெஸ், இந்த மற்போர் தம் நாட்டு மற்போர் போன்றதன்று என்று வியக்கிறார். பற்கள் உடையும்படியும் முகம் சிதையும்படியும் அடித்துக்கொள்கின்றனர். பேச்சு மூச்சற்றுக் கிடப்பவர்களை நண்பர்கள் தூக்கிச் செல்கின்றனர் என்கிறார். சில ஆண்டுகள் கழித்து எழுதிய பெர்னாவ் நூனிஸ் மேலும் தெளிவாகச் சொல்கிறார். விழாவிற்காக அரசரிடம் ஆயிரம் மல்லர்கள் இருந்தனராம். அவர்களுக்கென்று ஒரு தலைவன் உண்டாம். வேறு எவ்விதப் பணியும் அவர்களுக்கு இல்லையாம். கையில் கூர்முனை வளையங்களைப் பூண்டு ஒருவரையொருவர் காயப்படுத்தினராம்.

இதில் நம் கருத்தைக் கவர்வது, நூனிஸ் கூறும் பரிசுமுறை. அதிகமாய்க் காயமுற்றவனே சென்று அரசரிடம் பட்டாடையைப் பெற்றுக்கொள்வான் என்று அவர் எழுதுகிறார். அந்நியருக்கு விளங்காமல் மாற்றி எழுதினாரோ என்று ஐயுறலாம். நாம் அப்படிக் கருதவில்லை. இப்போரில் தேவைப்பட்டது தேவிக்குரிய குருதி. அதைக் கொடுத்தவனே கடமையை நிறைவேற்றியவன். இன்றும் மைசூரில் முதல் துளி கண்டதும் போர் நின்றுவிடுகிறது. வெற்றி தோல்வி அங்கு இரண்டாம் இடத்துச் செய்தி. கூர்முனை வளையம், மகாநவமி, மன்னர் முன்னிலை, குருதி ஆகிய நான்கும் விஜயநகரத்தில் அன்று இருந்தபடியே மைசூரில் இன்றும் இருப்பதைக் கொண்டு, நூனிஸ் கண்டவர்கள் ஜெட்டிகளே என்று கொள்வதில் பெரிய தடை ஏதும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

1565ஆம் ஆண்டில் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்தது. அரண்மனை எரிந்தால் அரண்மனையை நம்பி வாழ்ந்தவர்கள் எங்கே போவர்? கவிஞர்கள், நாட்டியக்காரர்கள், ஓவியர்கள் ஆகியோருடன் மல்லர்களும் புதிய புரவலர்களைத் தேடினர். மைசூர் உடையார் வமிசத்து ராஜ உடையார் 1610ஆம் ஆண்டில் ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கைப்பற்றி, விஜயநகரத்து மகாநவமியைத் தம் நாட்டுக்கு உரியதாக்கினார். விழா வந்த இடத்திற்கு விழாவின் தொழிலாளரும் வந்து சேர்ந்தனர்.

அவ்வமிசத்தில் 1638 முதல் 1659 வரை ஆண்ட ரணதீர கண்டீரவ நரசராஜ உடையார் தாமே பெரும் மல்லர். அவரைப் பற்றி மைசூரில் இன்றளவும் வழங்கும் கதை, நம் திருச்சிராப்பள்ளியில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படுவது. திருச்சி அரசவையில் ஒருவராலும் வெல்ல முடியாத மல்லன் ஒருவன் இருந்தானாம். அவன் தன் கச்சையைக் கோட்டை வாயிலின் மேலே தொங்கவிட்டிருந்தானாம். அதன் கீழே நுழைபவர் அனைவரும் அவனுக்குத் தோற்றவர் என்று பொருள். பட்டத்துக்கு வருமுன் இதைக் கேள்வியுற்ற கண்டீரவர் மாறுவேடத்தில் தனியே திருச்சி சென்று, அவனைப் போருக்கு அழைத்து வீழ்த்தினார். தாம் இன்னார் என்று வெளிப்படும் முன், பரிசுக்கும் காத்திராமல் மைசூருக்குத் திரும்பிவிட்டார். சரித்திரமாசிரியர் வில்க்ஸ் இதனைத் தம் நூலில் எழுதினார். 1960ஆம் ஆண்டில் ராஜ்குமார் நடித்த கன்னடத் திரைப்படம் ஒன்றும் கண்டீரவரின் பெயரைத் தாங்கி வந்தது. திருச்சிக்காரர்கள் இக்கதையில் தங்கள் மல்லன் தோற்றதை எண்ணி வருந்த வேண்டா. உறையூர் இளவரசன் அயலூர்க் களத்தில் வென்றதும், அந்த உறையூரை அடுத்த திருச்சிக் களத்தில் அயலூர் இளவரசன் வென்றதும் காலத்தின் கணக்கில் சரியாகிப் போகின்றன.

ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் ஆண்ட காலத்திலும் ஜெட்டிகளின் சேவகம் தொடர்ந்தது. அரசரின் சமயம் மாறியபோதும் மல்லரின் களம் மாறவில்லை. 1780களில் திப்புவிடம் சிறைப்பட்டிருந்த ஜேம்ஸ் ஸ்கரி என்ற ஆங்கில இளைஞர் தாம் கண்ட போட்டிகளை வருணிக்கிறார். ஜெட்டிகள் தங்கள் ஆசான்களை முன்னிட்டு அவைக்கு வந்து, தரை தொட்டு வணங்குவர். ஒரு பள்ளியைச் சேர்ந்தவனோடு மற்றொரு பள்ளியைச் சேர்ந்தவனை இணை சேர்ப்பர். மழித்த தலை, எண்ணெய் பூசிய உடல், வலக்கையில் நான்கு எஃகு நகங்கள். சுல்தான் சைகை காட்டியவுடன், கழுத்தில் அணிந்திருந்த மலர்களை ஒருவர் முகத்தில் ஒருவர் எறிந்து போரைத் தொடங்குவர். மலரால் தொடங்கிக் குருதியில் முடியும் அப்போரில் கையும் காலும் முறிவதுண்டாம்.

இத்தொழிலுக்கு ஓர் இருண்ட பக்கமும் இருந்தது; அதை மறைப்பது சரித்திரமாகாது. மரண தண்டனை பெற்றவர்களின் கழுத்தைத் திருகிக் கொல்லும் பணியையும் ஜெட்டிகளே செய்தனர். 1799ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையின்போது சிறைப்பட்ட ஆங்கிலச் சிப்பாய்கள் சிலர் இவ்விதம் மாண்டதாக ஆங்கிலேயர் எழுதியிருக்கின்றனர். வெற்றி பெற்றவர் தம் பகைவரைப் பற்றி எழுதியது ஆதலின், எண்ணிக்கையையும் விவரத்தையும் அளந்தே கொள்ள வேண்டும்; ஆயினும் வழக்கம் இருந்தது என்பதில் ஐயம் இல்லை. உடலின் ஒவ்வொரு மூட்டையும் அறிந்த கைக்கு ஒரு கழுத்து எம்மட்டு? ஒரு பிடியை எவ்வாறு விடுவிப்பது என்று பத்து வயதில் கற்ற கை, எதிர்க்க இயலாத ஒருவனைப் பிடிக்குமாறு ஏவப்பட்டது. ஏவியவனை மறுக்க அந்தக் கைக்கு இடம் இல்லை. ஏனெனில் சோறு அவனுடையது. அடைக்கலம் தேடி வந்தவனிடம் ஊரார் தாங்கள் செய்யக் கூசும் வேலையை ஒப்படைப்பது இங்கு மட்டும் நடந்ததன்று.

1799ஆம் ஆண்டுக்குப் பின் ஆங்கிலேயர் உடையார் வமிசத்தை மீண்டும் அரியணையில் அமர்த்தினர். அக்காலத்தில் மைசூரில் இருந்த வில்க்ஸ் 1810ஆம் ஆண்டு வெளியிட்ட வரலாற்றில் இப்போரைக் குறித்து எழுதும்போது, வஜ்ரமுஷ்டிக்கு ஆங்கிலத்தில் சொல் இல்லாமல் திண்டாடுகிறார். ரோமானியர் கைப்போரில் அணிந்த கருவியின் பெயரை இரவல் வாங்கி, அது வேறு இது வேறு என்று உடனே விளக்கமும் தருகிறார். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் அவருடைய துன்பத்தை நன்கு உணருகிறோம். சொல் அகப்படாதபோது பொருளை விரித்துச் சொல்லிவிடுவதே நேர்மை; அவர் அதைத்தான் செய்தார். எருமைக் கொம்பால் கைக்குப் பொருந்தச் செய்தது. விரல் முட்டிகளுக்கு நேராக நான்கு கூர்முனைகள். சுண்டுவிரற்பக்கத்தில் அவற்றிற்குக் குறுக்காக நீண்ட ஐந்தாவது முனை. அடிக்கத் தக்க இடம் தலை ஒன்றே. போர் எல்லை மீறும்போது நடுவர்கள் தலைப்பாகையையும் ஆடையையும் களத்தில் வீசி நிறுத்துவர். அவையே பரிசும் ஆகும். வென்றவன் தான் களைக்கவில்லை என்று காட்ட நான்கைந்து குட்டிக்கரணம் போட்டுக்கொண்டு வெளியேறுவான்.

வில்க்ஸ் தரும் மற்றொரு செய்தி உத்தியோகஸ்தர்களாகிய நமக்குச் சுவையானது. ஜெட்டிகளில் ஐந்து வகுப்புகள் உண்டு. வெற்றிக்குச் சாதாரணமாகக் கிடைக்கும் பரிசு மேல் வகுப்புக்கு உயர்வு. முதல் வகுப்பினர்க்குத் தனிச் சன்மானங்கள் உண்டு. முதுமையில் அவர்கள் விழாவை நடத்தும் தலைவர்களாக உயர்த்தப்படுவர். ஆக, நியமனம், தரம், பதவி உயர்வு, ஓய்வுக்காலக் கௌரவம் எல்லாம் அங்கும் இருந்தன. நமக்குக் கோப்புகள்; அவர்களுக்குத் தலையில் தழும்புகள்.

இனித் தஞ்சைக்கு வருவோம். எட்கர் தர்ஸ்டன் 1909ஆம் ஆண்டு வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய பெருநூலில் ஜெட்டிகளைப் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. தஞ்சை மராட்டிய மன்னர்களிடம் ஜெட்டிகள் பணியாற்றினர். அங்கு அவர்களுடைய வேலை, பொக்கிஷ அறையையும் நகை அறையையும் காவல் காப்பது. பூணூல் அணிந்தனர், இழிவான வேலைகளைச் செய்வதில்லை என்று பெருமிதம் கொண்டிருந்தனர். ஊரை விட்டு வந்த ஒரு குலத்தாரிடம் நகை அறையின் காவலை ஒப்படைத்தது அவர்கள் பெற்ற நம்பிக்கையைக் காட்டுகிறது. 1855ஆம் ஆண்டு தஞ்சையின் கடைசி மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தார். கம்பெனி அரசு சமஸ்தானத்தைத் தனதாக்கிக்கொண்டது. நகை அறை இல்லையேல் காவல் ஏது? அவர்களில் பெரும்பாலோர் மைசூருக்கும் பிற சமஸ்தானங்களுக்கும் குடிபெயர்ந்தனர். ஒரு சிலர் மட்டும் தஞ்சைக் கோட்டைக்குள்ளேயே தங்கிவிட்டனர் என்று தர்ஸ்டன் எழுதுகிறார்.

அவர் போகிற போக்கில் எழுதிய ஒரு வாக்கியத்தை நாம் கடந்து போக முடியவில்லை. தமிழர் நடுவே வாழ்ந்தும் அவர்கள் தெலுங்கே பேசினர் என்கிறார். சிந்தித்துப் பாருங்கள். மோதேராவிலிருந்து வந்தவர்களாயின் தாய்மொழி குஜராத்தியாக இருந்திருக்க வேண்டும். அது போன இடம் தெரியவில்லை. இடையில் எத்தனையோ தலைமுறை தெலுங்கு வழங்கும் அரசவைகளில் வாழ்ந்ததனால் நாவில் தெலுங்கு ஏறிற்று. தஞ்சைக்கு வந்தபின் அந்தத் தெலுங்கை விடாமல் பற்றிக்கொண்டனர். அவர்கள் சென்ற வழியைப் பற்றிக் கல்வெட்டு பேசாதபோது அவர்களுடைய வீட்டுப் பேச்சு பேசுகிறது. பிடிகளின் பெயர்கள் பிழைத்தன. வேப்பமரத்து அம்மை மைசூரில் நிம்பஜாவாகப் பிழைத்தாள். தாய் தாலாட்டிய மொழி பிழைக்கவில்லை. அரசன் தொழிலுக்குக் கூலி கொடுத்தான். மொழிக்குக் கூலி கொடுப்பார் ஒருவருமில்லை. வெளி மாநிலத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் இவ்விடத்தில் சற்று நிற்பார்கள் என்று நம்புகிறோம்.

தெற்கே வராமல் குஜராத்திலேயே தங்கிய கிளையும் நெடுநாள் இத்தொழிலைச் செய்தது. 1860களில் பரோடாவுக்கு வந்த பிரெஞ்சு யாத்திரிகர் லூயி ரூஸ்லே, காண்டேராவ் கெய்க்வாட் மன்னர் முன்னிலையில் கொம்பு நகம் பூண்டு நடந்த மற்போரைக் கண்டு மனம் பதறி எழுதினார். போருக்குமுன் மல்லர்களுக்குப் போதை மருந்து ஊட்டப்பட்டதென்றும் கூறுகிறார். அதே நகம், அதே குலம். ஆனால் பரோடாவில் அது அரசனுடைய கேளிக்கையாக இருந்தது. மைசூரில் சடங்கின் வரம்புக்குள் நின்றது. மைசூரில் மட்டும் அது பிழைத்ததற்கு இந்த வேறுபாடே காரணம் என்பது நம் கருத்து. கேளிக்கைக்கு மாற்று எளிதில் கிடைத்துவிடுகிறது, சடங்குக்குக் கிடைப்பதில்லை.

இருபதாம் நூற்றாண்டில் மல்லனுக்குப் புதிய புரவலன் ஒருவன் தோன்றினான். அவன் பெயர் டிக்கட் வாங்கும் பொதுஜனம். நம்மில் மூத்தவர்கள் கிங்காங் – தாராசிங் குஸ்தியை இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். கிங்காங் என்பவரின் இயற்பெயர் எமில் சாயா. 1909ஆம் ஆண்டு அன்றைய ஹங்கேரியைச் சேர்ந்த பிராஸ்ஸோவில் பிறந்தவர். இந்தியாவுக்கு வந்து பெயர் பெற்று, சிங்கப்பூரில் குடியேறி, 1970ஆம் ஆண்டில் மறைந்தார். தாராசிங்கோ அமிர்தசரஸ் ஜில்லாவில் 1928ஆம் ஆண்டு பிறந்து, 1940களின் இறுதியில் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் சென்று, அங்கே தொழில்முறை மற்போரைப் பயின்று திரும்பியவர். 1968ஆம் ஆண்டு பம்பாயில் அமெரிக்க மல்லர் லூ தெஸ்ஸை வென்றார். இருவருமே அயல்நாட்டுக் களத்தில் ஆளானவர்கள். ஆனால் ஜெட்டிக்கும் இவர்களுக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. ஓர் ஊரில் கூட்டம் குறைந்தால் இவர்கள் அடுத்த ஊருக்கு ரயில் ஏறலாம். ஜெட்டிக்கு அரசன் ஒருவனே கூட்டம்.

அந்த அரசனும் அரசன் அல்லாதவனாகும் நாள் வந்தது. 1947ஆம் ஆண்டு மைசூர் சமஸ்தானம் இந்திய யூனியனில் இணைந்தது. மகாராஜா ஜயசாமராஜ உடையார் மைசூர் ராஜ்யத்தின் கவர்னராக இருந்து, 1964 முதல் 1966 வரை நம் சென்னை ராஜ்யத்தின் கவர்னராகவும் பணியாற்றினார். சென்னை கவர்னர் மாளிகையில் ஜெட்டிகளுக்கு வேலை இருந்திருக்க நியாயமில்லை. 1971ஆம் ஆண்டில் அரசியல் சட்டத்தின் இருபத்தாறாவது திருத்தம் மன்னர் மானியத்தை ஒழித்தது. அக்காலத்திலிருந்து தசரா ஊர்வலத்தை அரசாங்கம் ஏற்று நடத்துகிறது. அம்பாரியில் மன்னருக்குப் பதிலாகச் சாமுண்டேசுவரி தேவி எழுந்தருளுகிறாள். பொதுமக்களுக்கான குஸ்திப் போட்டிகள் தொட்டகெரே மைதானத்து அரங்கில் நடைபெறுகின்றன. எல்லாக் குலத்து இளைஞரும் அதில் மோதலாம். மைசூரின் பழைய கரடிமனைகளில் செம்மண்ணைப் புரட்டிப் பூசை செய்து பயிற்சியைத் தொடங்கும் வழக்கம் இன்னும் அற்றுப் போகவில்லை.

வஜ்ரமுஷ்டி மட்டும் அரண்மனைக்குள்ளே, உடையார் குடும்பத்தின் சொந்த வழிபாட்டின் ஓர் அங்கமாக நின்றுவிட்டது. மைசூர், பெங்களூர், சென்னபட்டணம், சாமராஜநகர் ஆகிய ஊர்களில் வாழும் ஜெட்டிக் குடும்பங்களிலிருந்து மல்லர்கள் வருகின்றனர். ஆயிரம் பேர் இருந்த இடத்தில் இப்போது பெரும்பாலும் இரண்டு இணைகள். ஆண்டின் ஏனைய நாள்களில் அவர்கள் வேறு வேலைகளைச் செய்து பிழைக்கின்றனர். தசரா நெருங்கியதும் விரதம் பூண்டு, பழைய ஆசானிடம் பயின்று, நிம்பஜா தேவியை வணங்கி, தலை மழித்து வருகின்றனர். நடுவர்களும் அதே குலத்து முதியவர்கள். வில்க்ஸ் கூறிய பதவி உயர்வு அந்த மட்டில் நிலைத்திருக்கிறது.

குருதித் துளி மண்ணில் விழுந்ததும் போர் முடிகிறது. அதன் பின்னரே உடையார் வமிசத்தவர் வெற்றியாத்திரையாகப் புறப்பட்டு, அரண்மனை வளாகத்திலுள்ள புவனேசுவரி கோயிலுக்குச் சென்று வன்னி மரத்துக்குப் பூசை செய்கின்றனர். கன்னடத்தில் அதற்குப் பன்னி மரம் என்று பெயர். அந்நேரத்தில் ஜெட்டிகள் முற்றத்தின் ஓரமாக அமர்ந்து ஒருவர் தலைக்காயத்தை ஒருவர் கழுவிக்கொண்டிருப்பர். வெளியே ஊர்வலத்துக்காக இடம் பிடிக்கும் மக்களின் ஆரவாரம் அதற்குள் தொடங்கியிருக்கும்.